நான்காம் அறையின் கீழ் இலைகள்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

ஆசிரமம் என்று எதுவும் இல்லை. பனி கொட்டும் ஒரு கனடிய நகரத்தின் ஓரத்தில் ஜன்னல் இல்லாத நீண்ட கட்டடம். மருந்துக்காகக் கஞ்சா வளர்க்க அரசாங்கம் உரிமம் கொடுத்த இடம். உள்ளே ஒன்பது அறைகள். சூரியனுக்குப் பதில் விளக்குகள்.

குருவின் பெயர் தர்சிகா. விவசாயம் படித்தவர். ஒன்பது அறைச் செடிகளுக்கும் அவரே வைத்தியர். சீடர் இராசநாயகம். இலங்கையில் ஒரு சீமேந்து ஆலையில் இருபத்திரண்டு வருடம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பு. மிச்சத்தை எல்லாம் துண்டுப்பிரசுரங்களில் படித்தார். மூன்று மணி நேரம் குறிப்பில்லாமல் மேடையில் பேசிய மனிதர், இப்போது தலைக்கு ஒரு வலை, மீசைக்கு ஒரு வலை போட்டுக்கொண்டு நான்காம் அறையில் தண்ணீர்க் குழாய் பிடித்தார்.

முதல் நாள் அவர் கேட்டார்: "எந்த இலைக்கு என்ன குறை எண்டு எங்கை எழுதியிருக்கு, பிள்ளை?"

"இலையில."

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு இலைகள், பன்னிரண்டு குறைகள். சீடர் அதை இரண்டே நாளில் மனப்பாடம் செய்தார். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். தர்சிகா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு படத்தைக் கழற்றிச் சுருட்டினார்.

"ஏன் கழட்டுறியள்?"

"மூண்டு நாளா நீங்கள் சுவரைத்தான் பாக்கிறியள். செடி உங்கடை முதுகுக்குப் பின்னால நிக்குது."

"பிரசுரத்தைப் பறிச்சாத் தோழர் என்ன செய்வார், பாவம்" என்றது ஒரு குரல்.

சறோ அக்கா. அந்த அறையில் வேலை செய்த ஆறு பெண்களில் மூத்தவர். அவருடைய கணவரும் அதே சீமேந்து ஆலையில் இருந்தவர்.

தர்சிகா ஒரு செடியைச் சீடரின் பக்கம் திருப்பினார்.

"மூண்டு கேள்வி கேளுங்கோ. மஞ்சள் கீழயிருந்து ஏறுதோ, மேலயிருந்து இறங்குதோ? நரம்பிலயோ, நரம்புக்கு நடுவிலயோ? எண்டைக்குத் துவங்கினது?"

"குறையின்ரை பேரைக் கேக்கேல்லையே?"

"அது கடைசியில தானா வரும்."

அன்றிலிருந்து சீடர் அவரை ரீச்சர் என்று கூப்பிட்டார். முதலில் கிண்டலாக. ஒரு கிழமையில் கிண்டல் போய்விட்டது.

அவருக்குக் கேட்க நிறைய இருந்தது. ஒரு நாள் கேட்டார்: "கீழ் இலை ஏன் முதல்ல மஞ்சளாகுது? வேருக்குக் கிட்ட நிக்கிறது அதுதானே?"

"சில சத்துக் குறைஞ்சா, செடி கீழ் இலையில இருக்கிறதை எடுத்துக் குருத்துக்குக் குடுக்கும். கீழ் இலை மஞ்சளாகும். குருத்து பச்சையா நிக்கும்."

சீடர் குழாயை மூடிவிட்டு அந்த இலையை நெடுநேரம் பார்த்தார்.

"பங்கீடு. இருபத்திரண்டு வருசம் கத்தினன். ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

"செடி கத்தேல்லை, அண்ணை."

சறோ அக்கா சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி நடுவில் தர்சிகாவை நிறுவனத்தின் வேறொரு கட்டடத்துக்கு ஏழு கிழமைக்கு அனுப்பினார்கள்.

அவர் போன சில நாளில் நான்காம் அறையில் மஞ்சள் தெரிந்தது. அங்கொன்று இங்கொன்றாக, எல்லாம் கீழ் இலைகள். மனேஜர் தினமும் காலை எட்டு மணிக்கு அறைகளைச் சுற்றி வருவார். மஞ்சள் இலையைக் கண்டால் இலையைப் பார்க்க மாட்டார். "இது யாருடைய வரிசை?" என்பார். முதல் கிழமையே ஒரு பெண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் கழிவறையில் நின்று அழுதாள்.

மறுநாள் இராசநாயகம் ஆறு மணிக்கே வந்தார். மஞ்சளாக இருந்த எல்லா இலைகளையும் கிள்ளினார். எட்டு மணிக்கு அறை பச்சைப் பசேல் என்று நின்றது. மனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். கடிதம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் கிள்ளினார். ஒவ்வொரு நாளும் கிள்ளினார்.

ஒரு காலை சறோ அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கத்திலயிருந்து என்ரை மனுசனையும் இப்பிடித்தான் கழட்டினனீங்கள்."

"அது கட்டுப்பாடு, சறோ. முதலாளிக்கு முன்னால முணுமுணுத்தா சங்கம் பலவீனமாத் தெரியும்."

"ஓம் ஓம். உங்கடை சங்கம் கடைசி நாள் வரைக்கும் நல்ல வடிவாத்தான் இருந்தது."

சீடர் அடுத்த இலையைக் கிள்ளினார்.

தர்சிகா திரும்பி வந்தபோது மார்ச் மாதம். நான்காம் அறைச் செடிகள் வளர்ச்சி நின்று போயிருந்தன. கீழே பாதித் தண்டு மொட்டை. மேலே இருந்தவையும் வெளிறி, எந்தக் குறை என்று சொல்ல முடியாதபடி நின்றன. ஏற்கெனவே ஐந்து பேர் ஐந்து காரணம் சொல்லியிருந்தார்கள். விளக்கை உயர்த்தினார்கள், இறக்கினார்கள், உரத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஆய்வுகூட முடிவு வர இரண்டு கிழமை ஆகும். மனேஜர் அவ்வளவு நாள் தரவில்லை.

வெள்ளி மாலைக்குள் காரணம் வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும் என்றார். இல்லையென்றால் திங்கட்கிழமை அறை முழுவதையும் வெட்டி அழிப்பது. ஆறு பெண்களும் அதோடு வீட்டுக்கு.

வெள்ளி மதியம் தர்சிகா ஒரு செடியின் முன்னால் குந்தினார். சீடரும் பக்கத்தில் குந்தினார்.

"கீழ் இலை எங்கை, அண்ணை?"

"கொட்டிட்டுது."

"கொட்டின இலையின்ரை தழும்பு காஞ்சு சுருங்கி இருக்கும். இது நகத்தால கிள்ளினது."

சீடர் விளக்கைப் பற்றிப் பேசினார். குளிரைப் பற்றிப் பேசினார். நிறுவனத்தின் லாப வெறியைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். எல்லாம் நன்றாகப் பேசினார்.

தர்சிகா முடியும்வரை இருந்தார். பிறகு, "கீழ் இலை எங்கை?" என்றார்.

ஆறு பெண்களும் வேலை செய்வது போல நின்றார்கள்.

"நான்தான் கிள்ளினனான்" என்றார் சீடர். "இந்தப் பிள்ளையளுக்குக் கடிதம் குடுக்கிறாங்கள். அதுதான்."

"எவ்வளவு நாளா?"

"நாப்பது நாள்."

தர்சிகா கோபப்படவில்லை. அவர் முகத்தில் வந்தது வேறொன்று. பூட்டிய பெட்டியின் சாவி எங்கே என்று தெரிந்தவரின் முகம்.

"எங்கை போட்டனீங்கள்?"

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. செடியிலிருந்து போகும் எதுவும், ஒற்றை இலையானாலும், நிறுத்து, திகதி எழுதி, பூட்டிய அறையில் வைக்க வேண்டும். பிறகு மண்ணோடு கலந்து அழிப்பார்கள். அழிக்கும் நாள் இன்னும் வரவில்லை. இராசநாயகத்துக்குச் சட்டம் வாழ்நாளில் செய்த ஒரே உதவி அதுதான்.

நாற்பது காகிதப் பைகள் நீண்ட மேசையில் வரிசையாக வந்தன. பெண்களும் கூடிவிட்டார்கள். தர்சிகா பையைத் தொடவில்லை.

"நீங்கள் எடுங்கோ. முதல் நாளிலயிருந்து."

சீடர் முதல் பையின் இலையை விரித்தார். காய்ந்திருந்தது, நிறம் போகவில்லை.

"மக்னீசியம்" என்றார் உடனே.

"சுவரைப் பாக்கிறியள்."

சீடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி குனிந்தார்.

"நரம்பு பச்சை. நரம்புக்கு நடுவில வெளிறல். ஓரம் இன்னும் பச்சைதான்." பத்தாம் பையைத் திறந்தார். "இதில நடுவெல்லாம் மஞ்சள். துரு மாதிரிப் புள்ளி வந்திருக்கு." இருபதாம் பை. "இது கீழ் இலையில்லை, ரீச்சர். நடு இலை. மேல ஏறியிருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "கீழ குடுக்கிறதுக்கு இலை இல்லாமப் போட்டுது. நடு இலையிலயிருந்து எடுத்திருக்கு."

அவர் ஒவ்வொரு பையாகத் திறந்துகொண்டே போனார். அவசரம் இல்லை. வாசிக்கக் கற்றுக்கொண்ட புதிதில் அவர் பிரசுரங்களைப் படித்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

திடீரென்று நிமிர்ந்து, "சறோ, உன்ரை மனுசன் அண்டைக்குக் கூட்டத்தில எழும்பி என்ன சொன்னவர்?" என்றார்.

சறோ அக்கா அவரை உற்றுப் பார்த்தார்.

"தெரியாதோ?"

"அவரை இருத்தினது நினைவிருக்கு. சொன்னது நினைவில்லை."

"தூசு எண்டவர். சம்பளத்தைப் பிறகு கேப்பம், முதல்ல மூக்குக்குக் கட்ட ஏதாவது கேளுங்கோ எண்டவர்."

"இப்ப எப்பிடி இருக்கிறார்?"

"மூச்சு விடுற மெசினோட இருக்கிறார்."

சீடர் கையிலிருந்த இலையை மேசையில் வைத்தார். தர்சிகா காத்திருந்தார். பிறகு மெதுவாக, "மூண்டாவது கேள்வி இருக்கு, அண்ணை" என்றார்.

எண்டைக்குத் துவங்கினது? முதல் பையில் ஜனவரி இருபத்துநாலு என்று இருந்தது. அதற்கு முன்னால் என்ன மாறியது?

"பொங்கலுக்கு முதல் கிழமை, நீங்கள் வராத ஒரு நாள் தண்ணி நிண்டது" என்றாள் கடிதம் வாங்கிய பெண். "இந்த அறைக்கு மட்டும் புது மெசின் பூட்டினவை. தண்ணியைச் சுத்தமாக்கிறது. மனேஜர் வந்து நிண்டு படமும் எடுத்தவர்."

"எவ்வளவு சுத்தம்?" என்றார் சீடர்.

"எல்லாத்தையும் எடுத்துப்போடும்" என்றார் தர்சிகா. "முந்தி ஏரித் தண்ணியோட இந்தச் சத்தும் வந்தது. ஆரும் ஊத்தத் தேவையிருக்கேல்லை. இப்ப வாறது வெறும் தண்ணி."

"அப்ப மருந்து?"

"ஒரு பிடி மக்னீசியம் உப்பு. வெளிறினது திரும்பப் பச்சையாகாது. புதுசா வாறது பச்சையா வரும்."

நாலு மணிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். தமிழில் எழுதுங்கோ, நான் இங்கிலீசில மாத்திறன் என்று சீடரிடம் தாளைக் கொடுத்தார் தர்சிகா. சீடர் மூன்று பக்கம் எழுதினார். தண்ணீர் இயந்திரம், கேட்காமல் எடுத்த முடிவு, கடிதம் வாங்கிய பெண், மேலே இருப்பவர்களின் குருட்டுத்தனம். ஒரு பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் மேடையில் கைதட்டு வாங்கும்.

தர்சிகா வாசித்தார்.

"நீங்கள் எங்கை?"

சீடர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"மெசின் மனேஜர் வாங்கினது. வாயால சொன்னா நம்ப மாட்டார். இந்தப் பையளைக் காட்ட வேணும். பையளைக் காட்டினா, ஆர் கிள்ளினது எண்டு கேப்பார்."

"எழுதினா அறை தப்புமோ?"

"தப்பும்."

"நான்?"

"இல்லை, அண்ணை."

அறுபத்தொரு வயதில் அவருக்கு வேறு யாரும் வேலை தரப் போவதில்லை. இருவருக்கும் அது தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பெண்கள் தொட்டிகளுக்கு உப்புக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

இராசநாயகம் மூன்று பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புதுத் தாள் எடுத்து ஐந்து வரி எழுதினார். முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. எழுதி முடித்தும் பேனையை விடவில்லை.

"என்னை அனுப்பினாப் பிறகு, ரீச்சர், இதை ஆர் வாசிக்கப் போகினம்?"

தர்சிகா தாளைப் பார்த்துவிட்டு அவர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"உங்கடை இடத்துக்கு அடுத்து வாறவர். திகதியைப் போடுங்கோ."