ஜூம் ஆகாத லென்ஸ்

"முதன்முதலா ஒரு கேமரா வாங்கணும் டீச்சர். எதை வாங்க, எந்த லென்ஸ் போட, நீங்கதான் சொல்லணும்" என்றார் கோமதிநாயகம்.

ஜெசிந்தா டீச்சர் துணியை வைத்து ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன எடுக்கப் போறிய அண்ணாச்சி?"

"அதைப் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல கேமராவைச் சொல்லுங்க."

"அப்ப கேமராவையும் பொறவு பாத்துக்கிடுவோம்."

அவ்வளவுதான். லென்ஸைத் துடைக்கிற வேலை அதுபாட்டுக்கு நடந்தது.

கோமதிநாயகத்துக்கு மூஞ்சி சுருங்கிப்போனது. தூத்துக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற மனுசன். ஒரு தாழ்ப்பாள் கேட்டு யாராவது வந்தால், எந்தக் கதவுக்கு, என்ன மரம், மழைச் சாரல் அடிக்குமா என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கமாட்டார். வந்தவன் பதில் சொல்லாவிட்டால், போய் கதவைப் பார்த்துட்டு வா என்று அனுப்பிவிடுவார். அந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

டீச்சருக்கு வயது முப்பதுக்குள்தான். கோமதிநாயகத்துக்குப் பிள்ளை பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் கேமராவைத் தோளில் மாட்டித் திரிகிற பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். மருந்துக்கடை மாடியில் வகுப்பு நடத்துகிறாள்.

மறுநாள் போனார்.

"பறவை எடுக்கப் போறேன் டீச்சர். தூரத்துல இருக்கிறதைக் கிட்ட இழுக்கணும். பெரிய ஜூம் லென்ஸா வேணும்."

"என்ன பறவை?"

கோமதிநாயகம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மின்கம்பியில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"காக்கா."

"காக்காவுக்கு என்னத்துக்கு ஜூம்? சோத்தை வச்சா அதுவே கிட்ட வருமே."

அவர் படி இறங்கினார்.

ஆள் சும்மா இருக்கவில்லை. கடையில் உட்கார்ந்து ஃபோனில் ஒரு வீடியோ விடாமல் பார்த்தார். பெரிய சென்சார், சின்ன சென்சார், அதில் இத்தனை மெகாபிக்சல், இதில் இருட்டிலும் படம் விழும் என்று எல்லாம் தலைகீழ் மனப்பாடம். ஒன்றை முடிவு செய்வார். மறுநாள் அதைவிட நல்லது ஒன்று வந்துவிடும். வாங்குவது தள்ளிப்போகும். தள்ளிப்போகும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படியே பங்குனி போய்ச் சித்திரை வந்தது.

வீட்டில் பக்கத்து அறைக் கட்டிலில் அவர் மனைவி ஆவுடை கிடந்தாள். வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். கஞ்சி கொடுக்க, துடைத்துவிட, எல்லாவற்றுக்கும் அவள் தங்கை சங்கரவடிவு வந்து தங்கியிருந்தாள்.

கோமதிநாயகம் காலையில் கடைக்குப் போகும்போது அந்த அறை வாசலில் நிற்பார். சாயங்காலம் வந்ததும் நிற்பார். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருக்கும்.

"என்னத்துக்கு அங்கனயே நிக்கிய? உள்ள வாங்களேன்" என்பாள் ஆவுடை.

"கடைக்கு நேரமாச்சு."

"இப்பதான கடையை அடைச்சிட்டு வாறிய."

அவர் சிரிக்கப் பார்ப்பார். சிரிப்பு வராது. நகர்ந்துவிடுவார்.

அடுத்த தடவை போனபோது டீச்சர் ஒரு நீண்ட லென்ஸைக் கேமராவில் மாட்டி அவர் கையில் கொடுத்தாள். நல்ல கனம். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல என்னைப் பாருங்க."

கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரே கலங்கல்.

"பின்னால போங்க."

போனார். இன்னும் கலங்கல்தான்.

"இன்னும் போங்க."

வகுப்பறை தாண்டி, வராந்தா தாண்டி, படிக்கட்டு முனைக்கே போய்விட்டார். இப்போது டீச்சரின் முகம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. புருவத்தில் இருந்த தழும்புகூடத் தெரிந்தது. அவள் உதடு அசைந்தது. கீழே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அவர் திரும்பி வந்தார். "அருமையா இருக்கு டீச்சர். என்னமோ சொன்னியளே, என்னது?"

"தெளிவாத் தெரிஞ்சுதுல்லா?"

"தெளிவாத் தெரிஞ்சுது. கேக்கத்தான் இல்ல."

டீச்சர் லென்ஸைக் கழற்றி உறையில் வைத்தாள். என்ன சொன்னாள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

கோமதிநாயகம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பறவை இல்ல டீச்சர். என் வீட்டுக்காரிக்கு. மாலை போடுற படம்."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள்.

"இருக்காங்களா?"

"இருக்கா. இன்னும் கொஞ்ச நாள்தான்னு சொல்லிட்டாங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். அவருடைய அம்மா செத்தபோது வீட்டில் தனிப்படம் ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, வேறு யாரோ ஒருத்தியின் கழுத்துக்கு மேலே ஒட்டி, பட்டுச்சேலையோடு பெரிய ஃப்ரேம் போட்டுக் கொடுத்தது ஒரு ஸ்டுடியோ. ஆயுசு முழுக்க நூல்சேலை கட்டின பொம்பளை. இன்றைக்கும் அப்படித்தான் சுவரில் தொங்குகிறாள்.

"ஆடிக்கு ஆடி அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் ஆவுடை சொல்லுவா. 'அத்தை தோளு இது இல்ல. இந்தத் தோளுக்கு மாலை போட எனக்கு மனசு வரல. எனக்கு இந்தக் கதி வராமப் பாத்துக்கிடுங்க'ன்னு. நானும் சரின்னேன். அது ஒண்ணுதான் அவ எங்கிட்ட வாய்விட்டுக் கேட்டது."

"அப்ப எடுத்திர வேண்டியதுதான?"

"கேமராவோட கிட்ட போனா தெரிஞ்சிரும் டீச்சர்."

"என்ன தெரிஞ்சிரும்?"

"எதுக்கு எடுக்கேன்னு."

"அவங்கதான கேட்டாங்க?"

கோமதிநாயகம் வேட்டி நுனியைச் சுருட்டினார், விரித்தார்.

"அதான் ஜூம் கேட்டேன். வாசல்லேருந்தே எடுத்திரலாம்னு."

டீச்சர் எழுந்து அலமாரியைத் திறந்தாள். குட்டையாக, ஒரு டம்ளர் உயரம்கூட இல்லாத லென்ஸ் ஒன்றை எடுத்தாள். கேமரா இல்லை. லென்ஸ் மட்டும்.

"இது ஜூம் ஆகாது. பெருசாத் தெரியணும்னா நாமதான் கிட்ட போகணும். இதை எடுத்துட்டுப் போங்க. எங்க உக்காந்தா அவங்க முகம் நல்லாத் தெரியுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. பொறவு கேமரா தாறேன்."

மறுநாளே வந்துவிட்டார்.

"பாத்தியளா?"

"பாத்தேன் டீச்சர். வாசல்லேருந்து கட்டில் வரைக்கும் டேப் வச்சு அளந்துட்டேன். தலைமாட்டுக்கும் ஜன்னலுக்கும் தனியா. அவ தூங்கும்போது சங்கரவடிவை விட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு பாவமாக இருந்தது.

"உக்காந்தியளா?"

"அளவு சரியா இருக்கு டீச்சர். இஞ்சு பிசகாது."

அவள் தன் கேமராவையே எடுத்து, அவர் திருப்பிக் கொண்டுவந்த அந்தக் குட்டை லென்ஸை மாட்டி, மேஜைமேல் வைத்தாள். பிறகு லென்ஸைக் கழற்றி உள்ளே காட்டினாள். சின்னதாக ஒரு கண்ணாடி சாய்ந்து நின்றது.

"இதுலதான் நீங்க பாக்கிறதெல்லாம் தெரியும். இப்ப பாருங்க."

பொத்தானை அழுத்தினாள். டக் என்று கண்ணாடி மேலே எழும்பி விழுந்தது.

"படம் விழுத நேரம் இது எழும்பிக்கிடும். எடுக்கிற ஆளுக்கு இருட்டு. அந்த ஒரு நொடி நமக்குத் தெரியாது."

கோமதிநாயகத்துக்கு அது ஒப்பவில்லை.

"இவ்வளவு கண்டுபிடிச்சவன் இதைச் சரிபண்ணலையா? அப்ப அந்த நொடியை யாருதான் பாப்பா?"

"எதுக்க இருக்கிறவங்க."

"அவங்க என்னத்தைப் பாப்பாங்க?"

டீச்சர் லென்ஸைத் திரும்ப மாட்டிக் கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, ஜன்னல் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் அவங்க மேல விழும். மொதல்ல போய் உக்காருங்க. கேமரா மடியில இருக்கட்டும். அவங்க பேசினா பேசுங்க. இன்னைக்கு எடுக்கலைன்னாலும் பாதகமில்ல."

"சரி டீச்சர்" என்றார். கேட்டுக்கொண்ட மாதிரித்தான் தலையாட்டினார்.

வீட்டுக்குப் போனபோது சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்திருந்தது. ஆவுடை கண்ணை மூடிக் கிடந்தாள். கல்யாணமான புதிதில் வாங்கின மாம்பழக் கலர் நூல்சேலையைக் கட்டியிருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்திருந்தது.

"காலையில டேப் சத்தத்துல முழிச்சிட்டாக" என்றாள் சங்கரவடிவு. "என்னத்துக்குன்னு கேட்டாக. படம் எடுக்கத்தான்னு சொல்லிட்டேன் அத்தான். உடனே இந்தச் சேலையை எடுன்னாக. நீங்க வாற வரைக்கும் முழிச்சித்தான் இருந்தாக. இப்பதான் மருந்து மயக்கம்."

எல்லாம் தெரிந்துதான் கிடக்கிறாள். இத்தனை நாளாகத் தான் மட்டும்தான் எதையோ மறைத்துக்கொண்டு நின்றோம் என்று கோமதிநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது.

நிலையிலிருந்து கையை எடுத்தார். உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தார்.

மடியில் வைக்கச் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தை விட்டுப் போய்விடும். வெளிச்சம் போனால் படத்தில் புள்ளி விழும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார்.

ஜூம் ஆகாத லென்ஸ். குனிந்து கிட்ட போனார். இன்னும் கிட்ட. மருந்து வாடை அடித்தது. அதற்கு அடியில் அவளுடைய தேங்காயெண்ணெய் வாடையும் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டார்.

ஆவுடை கண்ணைத் திறந்தாள்.

நேராகப் பார்த்தாள். இமைகூட அசையவில்லை. புருவம் சுருங்கியது.

"யாரது?" என்றாள்.

"அசையாம இரு ஆவுடை. ஒரே நிமிசம்."

டக்.

அவருக்கு இருட்டாகித் திரும்ப வெளிச்சம் வந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். கேமராவை இறக்கிவிட்டு, "ஆவுடை, ஆவுடை" என்று கூப்பிட்டார். கன்னத்தைத் தொட்டார். சங்கரவடிவு வந்து, மயக்கம்தான் அத்தான், தூங்கட்டும் என்றாள்.

அன்றைக்கு அவர் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண் திறக்கவே இல்லை. அப்படியே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தபிறகு மழித்த தலையோடு மாடிப்படி ஏறிக் கேமராவைக் கொண்டுவந்தார்.

"பாத்தியளா?" என்றாள் டீச்சர்.

"பாக்கல. நீங்க போடுங்க."

படம் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. ஆவுடை முழுசாக இருந்தாள். மாம்பழக் கலர் சேலை. மெலிந்து எலும்பு தெரிகிற தோள். கழுத்தோரத்து மச்சம். நேராகப் பார்க்கிற கண்.

"அவ தோளு" என்றார் கோமதிநாயகம். "அவளோடதேதான்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடி அழுதார்.

அழுது முடித்துத் துண்டை இறக்கினார். கடைக்காரப் புத்தி எங்கே போகும்.

"கண்ணு தெளிவா விழுந்திருக்கான்னு பாருங்க டீச்சர். பெருசாக்குங்க."

"நல்லாத்தான் விழுந்திருக்கு அண்ணாச்சி. வேண்டாம்."

"இல்ல. ஆக்குங்க."

டீச்சர் பெரிதாக்கினாள். திரை முழுக்க ஒரு கண். இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இன்னும்."

கருவிழி. அதற்குள் ஜன்னல் சின்னதாக விழுந்திருந்தது. ஜன்னலுக்கு முன்னால் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தான். தோள் தெரிந்தது, தூக்கின ரெண்டு கை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது.

கோமதிநாயகம் அதையே பார்த்தார். கீழே ரோட்டில் என்னென்னவோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாருன்னுல்லா கேட்டா" என்றார்.

டீச்சர் படத்தைச் சின்னதாக்கினாள். திரும்ப ஆவுடையின் முகம் முழுசாக வந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"ஃப்ரேம் எவ்வளவு பெருசு போட அண்ணாச்சி?"

"சின்னதாப் போடுங்க."

"அம்மா படம் பெருசாத்தான இருக்குன்னு சொன்னிய. அதே அளவுக்குப் போடலாமே."

"வேண்டாம் டீச்சர்" என்றார் கோமதிநாயகம். "பெருசாப் போட்டா நான் தெரிஞ்சிருவேன்."