கொப்புளம் போட்ட பலகை

செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. ஊர்க் குப்பையில் வருகிற பால் பாக்கெட்டையும் எண்ணெய்ப் பாக்கெட்டையும் கழுவி நறுக்கி, மர மில்லில் மிஞ்சுகிற தூளோடு சேர்த்து உருக்கி, பலகையாக அழுத்தி எடுக்கிற இடம். அதை நடத்துகிறவர் பூங்கோதை. முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஆனாலும் அங்கே வேலை பழகுகிறவர்களுக்கு அவர்தான் குரு. எல்லாரும் டீச்சர் என்பார்கள்.

சீடரைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாசிலாமணிக்கு அறுபதை எட்டிப் பிடிக்கிற வயசு. மர மில்லில் வாளுக்கு முன்னால் நின்றே நரைத்த மனுஷன். அந்த மில்லை மூடிவிட்டார்கள், இங்கே வந்து சேர்ந்தார். மற்ற மில்களிலிருந்து தூள் கொண்டுவருவது அவர் பொறுப்பு. தேக்கா வேங்கையா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, தெரிந்தவனுக்குத் திமிர் இருந்தால் என்ன?

வம்பு வேறு இடத்தில் இருந்தது. கொட்டகைக்குப் பிளாஸ்டிக் கொண்டுவருகிறவன் பேச்சிமுத்து, காயலான் கடைக்காரர் மகன். மாசிலாமணியின் ஒரே மகள் செண்பகம், அப்பா வேண்டவே வேண்டாம் என்று குதித்தும் கேளாமல், அவனைத்தான் கட்டிக்கொண்டாள். அன்றோடு மகள் அப்பா வீட்டுக்கு வருவது நின்றது. மருமகனோடு இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் உள்ளே இருந்தால் அவன் கேட்டைத் தாண்ட மாட்டான். சாக்குகளை வெளியே இறக்கி வைத்துவிட்டு, யாராவது வந்து எடுக்கட்டும் என்று நிற்பான்.

ஒரு வாரமாக மாசிலாமணி கையில் வந்த பலகை எல்லாம் கொப்புளம் போட்டது. பிரஸ்ஸைத் திறந்தால் சுட்ட அப்பளம் மாதிரி மேலே வீங்கிக் கிடக்கும். தட்டினால் உள்ளே டொக்கு, வெறும் காற்று.

“பிளாஸ்டிக் சரியில்ல டீச்சர்.”

“இன்னொரு தடவை கழுவிப் பாருங்கண்ணே.”

கழுவினார். மறுபடியும் கொப்புளம்.

“மரத்தோட குப்பை சேருமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க.”

“இதுவரைக்கும் சேர்ந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

“இப்பச் சேரலையே! அவன் கண்ட கழிசடையையும் அள்ளிட்டு வாரான். அவன நிப்பாட்டுங்க. ஊர்ல வேற ஆளா இல்ல?”

கேட்டுக்கு வெளியே நின்றவன் காதில் அது விழாமல் இருக்குமா? இந்தக் கொட்டகையை நம்பித்தான் அவன் வண்டி ஓடுகிறது. செண்பகம் வேறு மாசமாக இருக்கிறாள். அந்தச் சேதி மாசிலாமணிக்கும் எட்டியிருந்தது. எட்டியும் வாய் அப்படித்தான் பேசியது.

பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டார். “சரிண்ணே. தப்பு யார் கொண்டு வந்ததுல இருக்கோ, அவங்க நாளையிலேருந்து வர வேண்டாம். சம்மதமா?”

“நூறு சம்மதம்.”

“அப்போ இன்னிக்கு மரத்தூள் வேண்டாம். அவர் இறக்கின சாக்கைப் பிரிச்சு, பிளாஸ்டிக்கை மட்டும் உருக்கி அழுத்துங்க.”

அழுத்தினார். பிரஸ்ஸைத் திறந்தார். தகடு வழவழவென்று வந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தார், ஒரு பொட்டுக் கொப்புளம் இல்லை.

“இப்போ தூளை மட்டும் ஒரு சட்டியில போட்டு அடுப்புல வைங்க. மேலே எவர்சில்வர் தட்டு ஒண்ணு மூடுங்க.”

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தூக்கினார். அடிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். அவர் கால் மேலேயே சொட்டியது.

“இவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்துச்சுண்ணே?”

மாசிலாமணி மெல்லத் திரும்பிச் சுவரோரம் பார்த்தார். அங்கே ஒரு பூவாளி இருந்தது. போன வாரம் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூவாளி.

“தூள் பறந்து கண்ணுல விழும்லா டீச்சர்... மில்லுல தினம் காலையில தெளிப்போம். காலங்காலமாப் பழகின கை. இங்கயும் தெளிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.”

“தொட்டுப் பார்த்தா தெரியாதுண்ணே. சூடு பட்டாத்தான் ஆவியாகி முட்டிக்கிட்டு வெளியே வரும்.”

மாசிலாமணி கொடியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். முகம் செத்துப் போயிருந்தது.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“சொன்னது சொன்னதுதான் டீச்சர். தப்பு என் தூள்ல இருக்கு. நாளையிலேருந்து நான் வரல.”

கேட்டுக்கு வெளியேயிருந்து குரல் வந்தது.

“டீச்சர், மாமாவ அனுப்பிராதீங்க. அவிய வேணும்னேவா செஞ்சாவ?”

மாமா! அந்த வார்த்தையை அவன் வாயால் மாசிலாமணி கேட்டதே இல்லை. கேட்கிற தூரத்தில் அவனை எப்போது விட்டார்? சே, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. திரும்பிப் பார்க்கத்தான் கழுத்து வரவில்லை.

பூங்கோதை மூலையில் குவிந்து கிடந்த வீங்கின பலகைகளைக் காட்டினார். “போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இதுகளை என்ன செய்யலாம்?”

“அரைச்சுத் திரும்ப உருக்கினா நல்ல பலகையாயிரும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

“கெட்டுப்போன பலகையையே வெளியே போடறதில்ல. துண்டைக் கொடியில போடுங்க. போட்டுட்டு அந்தத் தூளைக் காயவைங்க.”

மாசிலாமணி அடுப்பின் மேல் இரும்புத் தகட்டை வைத்துத் தூளைப் பரப்பினார். ரவை வறுக்கிற பக்குவத்தில் கிண்டிக் கிண்டிக் காயவைத்தார். பூவாளியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் அந்தத் தூளைப் போட்டு ஒரு பலகை அழுத்தினார். திறந்தபோது அது சமதளமாக, கனமாக, காப்பிக் கொட்டை நிறத்தில் வந்தது. மோந்து பார்த்தார். மர வாசனை அப்படியே இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

“வந்துட்டுது டீச்சர்!”

“வந்துடுச்சு.”

அடுத்த பலகைக்குத் தூளை அள்ளினார். தட்டு மூடிப் பார்த்தார், தண்ணீர் இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார், அப்படியும் மனசு ஒப்பவில்லை.

“தட்டுல ஒண்ணுமில்ல டீச்சர். ஆனா உள்ளுக்குள்ள எங்கயாவது கொஞ்சம் ஈரம் ஒளிஞ்சிருந்தா, அத எப்படிக் கண்டுபிடிக்க?”

பூங்கோதை கேட்டைப் பார்த்தார். சாக்குகளுக்குப் பக்கத்தில் பேச்சிமுத்து இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

“உங்க மாப்பிள்ளை காலையிலேருந்து வெளியே நிக்கிறாரு. உள்ளே வாங்கன்னு கூப்பிட்டுப் பாருங்கண்ணே, உள்ளுக்குள்ள இருக்கிற ஈரம் தெரிஞ்சுடும்.”