பத்தாயிரம் மயில்கள்

முன்னொரு காலத்தில், மதில் கட்டுவதில் தீராத ஆசை கொண்ட பொன்முடியன் என்றொரு மன்னன் இருந்தான். ஒருநாள் அவனுக்கு ஒரு விசித்திர எண்ணம் உதித்தது. புது மதிலின் ஒவ்வொரு செங்கல்லிலும் அரச சின்னமான மயில் இருக்க வேண்டும்!

அரசவை விகடகவி மருதூரான்மீது பொறாமையில் வெந்துகொண்டிருந்த அமைச்சர் அரிகண்டர் சட்டென்று எழுந்தார். "மன்னா, மருதூரான் சித்திரம் செதுக்குவதில் வல்லவர். பத்தாயிரம் கல்லிலும் அவர் கை செதுக்கிய மயிலே இருக்கட்டும். அடுத்த பௌர்ணமிக்குள் முடிக்காவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் மன்னன்.

மருதூரான் சூளைக்குப் போய் ஈரக் கற்களில் குனிந்து குனிந்து செதுக்கினான். பொழுது சாய்வதற்குள் முப்பது மயில்தான் தேறியது. விரல்கள் வீங்கிவிட்டன. மனைவி மக்களோடு எந்த ஊருக்குப் போவது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டான். அப்போதுதான் கவனித்தான்: காயப்போட்டிருந்த கற்கள் அத்தனையிலும் ஒரே இடத்தில் ஒரே கோடு.

"இது என்னம்மா கோடு?" என்று அச்சில் மண்ணை அப்பிக் கல் அறுத்துக்கொண்டிருந்த சூளைக்காரி பேச்சியிடம் கேட்டான்.

"அச்சுப் பலகையில ஒரு கீறல் கெடக்கு சாமி. அதான் எல்லாக் கல்லுலயும் விழுது."

மருதூரான் துள்ளி எழுந்தான். அந்த அச்சை வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து அதன் அடிப்பலகையில் ஒரு மயிலைக் குடைந்தான். பிறகு பேச்சியின் ஆட்கள் வழக்கம்போல் மண்ணை அப்பிக் கவிழ்த்தார்கள். கல்லுக்கொரு மயில் தோகை விரித்துக்கொண்டு வந்தது. மருதூரான் புளியமரத்தடியில் படுத்துப் பாட்டுப் பாடினான்.

பௌர்ணமியன்று பத்தாயிரம் கல்லும் அரண்மனை வாசலில் வந்து இறங்கின.

"மன்னா, மோசடி!" என்று கத்தினார் அரிகண்டர். "இவர் மாதம் முழுக்கத் தூங்கினார். என் ஆட்களே பார்த்தார்கள்!"

மன்னன் முகம் சிவந்தது. "மருதூரா, உண்மையா?"

"தூங்கியது உண்மை மன்னா. ஆனால் தாங்கள் கேட்டது என் கை செதுக்கிய மயிலை. இதோ, இது என் கை செதுக்கியதுதான்" என்று அச்சை நீட்டினான். "நான் ஒருமுறை செதுக்கினேன், அது பத்தாயிரம் முறை உழைத்தது. பத்தாயிரம் முறை செதுக்கச் சொல்லிக் கட்டளையில் இல்லையே? வழிகாட்டியவள் சூளைக்காரி பேச்சி."

மன்னன் அச்சையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "சரிதானே அமைச்சரே?"

அரிகண்டர் வேறு வழியின்றித் தலையாட்டினார்.

"இன்னொரு வேலையையும் இப்படிச் சுலபமாக்கலாம் மன்னா" என்றான் மருதூரான். "தாங்கள் எது சொன்னாலும் அமைச்சர் நாள் முழுக்கத் தலையாட்டுகிறார், பாவம். அவர் ஆசனத்தில் ஒரு தலையாட்டி பொம்மையை வைத்துவிட்டால், அவரும் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்!"

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவையே குலுங்கியது. தன் கழுத்து முத்துமாலையை மருதூரானுக்கு அணிவித்து, பேச்சிக்கும் ஒரு பட்டுச்சேலை தரச் சொன்னான்.

"நல்ல தீர்ப்பு மன்னா" என்று முதலில் தலையாட்டியவர் அரிகண்டர்தான்.