உத்திராபதி பேச்சை விட்டது

அந்தக் காலத்தில் பல்லிகளுக்குப் பேச்சு நன்றாக வரும். நிறுத்துவதுதான் வராது. அதிலும் உத்திராபதி என்ற ஆண்பல்லி, ஓட்டு வீடு ஒன்றின் உத்திரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, விடிந்தது முதல் பொழுது அடைகிற வரை பேசுவான். மழை ஏன் பெய்கிறது, விட்டில் ஏன் விளக்கில் விழுகிறது, எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. கீழே குடியிருந்த மனிதர்கள் அதைக் காதில் வாங்குவதை எப்போதோ விட்டிருந்தார்கள். கேட்பதற்கு இருந்தவள் அவன் மனைவி அஞ்சலை ஒருத்திதான்.

அஞ்சலை அப்போது முழுகாமல் இருந்தாள். அதுவரை பல்லிக் குலத்தில் ஒரு சூலுக்கு ஒரு முட்டைதான். அவளுக்கோ பத்தாம் நாளே வயிறு பக்கவாட்டில் பிதுங்கியது. ஒரு மத்தியானம் கண்ணாடி ஓட்டின் வழியாக விழுந்த வெயிலில் அவள் குறுக்கே நடந்தபோது உத்திராபதி பார்த்தான். தோலுக்குள் வலப்பக்கம் ஒரு வெள்ளை உருண்டை. இடப்பக்கம் இன்னொன்று.

"அஞ்சலை, உனக்கு ரெண்டு!"

"இப்பத்தான் தெரியுதா? எனக்கு ஒரு வாரமாத் தெரியும். உள்ள இடம் பத்தாம ரெண்டும் இடிச்சுக்கிட்டுக் கெடக்குதுங்க."

அதற்குப் பிறகு அஞ்சலையின் உடம்பு யார் சொல்லையும் கேட்கவில்லை. ஒரு நாள் கொசு வாடையே ஆகவில்லை. தூரத்தில் பறந்தாலே குமட்டியது. மறுநாள் பதினோரு விட்டிலை விழுங்கிவிட்டுப் பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டாள். விழுங்கியதெல்லாம் நெஞ்சில் நின்று எரிந்தது. நாலடி நடந்தால் ஒதுங்க வேண்டியிருந்தது. உத்திரத்தில் இருக்கிறவர்கள் ஒதுங்கினால் அது கீழே இருக்கிறவர்களுக்கும் கஷ்டம். சுண்ணாம்பின் மேல் ஆசை வந்து, சமையற்கட்டுச் சுவரின் அடியை ஒரு முழத்துக்கு நக்கி வழவழவென்று ஆக்கிவிட்டாள். ஒருக்களித்துப் படுத்தால் வலது முட்டை அழுத்தியது, புரண்டால் இடது முட்டை. திடீரென்று ஒரு காலை உடம்பு பஞ்சுபோல் லேசாகி, உத்திரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடிக் காட்டினாள். அன்று சாயங்காலமே விரல்கள் வீங்கி, ஒட்ட வேண்டிய பாதம் ஒட்டாமல், ஒரு காலை எடுத்து வைக்க மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

உத்திராபதி இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தான்.

"காலெல்லாம் வீங்கிப்போச்சுங்க."

"அதாவது, பளு ரெண்டு மடங்கு ஆச்சுன்னா பாதத்துக்கு..."

"நெஞ்செரிச்சல் தாங்கல."

"முட்டை ரெண்டும் சேர்ந்து இரைப்பையை மேல தள்ளுது பாரு, அதனால..."

அஞ்சலை அவனை உற்றுப் பார்த்தாள். பல்லிக்கு மூடித் திறக்க இமை கிடையாது. அந்தப் பார்வையை நெடுநேரம் தாங்க முடியாது.

"காரணம் கேட்டேனா நான்?"

"பின்ன, பதிலுக்கு ஏதாவது சொல்லணுமில்ல?"

"ச்சு ச்சுன்னு சொல்லுங்க. போதும்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்ல. அதான் வேணும்." அஞ்சலை மூச்சு வாங்கினாள். "இன்னொரு காரணம் உங்க வாயிலேர்ந்து வந்துச்சு, எங்கம்மா இருக்கிற மாட்டுக்கொட்டாய்க்குப் போயிடுவேன். முட்டையை அங்கதான் வைப்பேன். பார்க்கணும்னா முற்றத்தைத் தாண்டி வாங்க."

முற்றத்தில் காகங்கள் இருந்தன. அவள் அந்த உடம்போடு முற்றத்தைத் தாண்டுவதை உத்திராபதி மனதில் நினைத்துப் பார்த்தான். உடனே விளக்கு மாடத்தின் மேல் வாலை வைத்துச் சத்தியம் செய்தான்: முட்டைகள் வெளியே வரும்வரை 'ச்சு ச்சு' தவிர ஒரு சொல் பேசுவதில்லை.

முதல் இரண்டு நாள் அவனுக்குத் தொண்டை அரித்தது. அதைவிட மோசமாக ஒரு கவலை வந்தது. தன்னிடம் இருந்ததே காரணங்கள்தானோ, அவற்றை எடுத்துவிட்டால் உத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது வெறும் தோலும் வாலும்தானோ?

மூன்றாம் நாள் முற்பகலில் அஞ்சலை சுண்ணாம்பு நக்கக் கீழே இறங்கியிருந்தபோது இடுப்பு வலி எடுத்தது. முட்டை வைக்கப் பார்த்துவைத்த பொந்து உத்திரத்துக்கு மேலே, பூனையும் எறும்பும் எட்டாத இடத்தில் இருந்தது. அவளோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். நாலடி ஏறினாள், மூன்றடி வழுக்கினாள். அடுப்போரம் படுத்திருந்த சாம்பல் பூனை ஒரு கண்ணைத் திறந்தது.

ஏன் வழுக்குகிறது என்று உத்திராபதிக்கு மேலிருந்தே தெரிந்துவிட்டது. அவளே நக்கி வழவழப்பாக்கிய இடம் அது! இதைவிட அருமையான காரணம் அவன் வாழ்நாளில் கிடைத்ததில்லை. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"வாயைத் திறந்தீங்க, இப்படியே கையை விட்டுடுவேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

உத்திராபதி காரணத்தை விழுங்கினான். கொசுவைப்போல அது எளிதில் இறங்கவில்லை. சுவரில் விறுவிறுவென்று இறங்கி, அவளுக்கு இடப்பக்கம் சொரசொரப்பான காரையில் போய் நின்றுகொண்டு, "ச்சு ச்சு" என்றான். அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தாள். பாதம் ஒட்டியது.

அதே சுவரோரம் கட்டிலில் அந்த வீட்டு மருமகள் செங்கமலம் எட்டு மாத வயிற்றோடு சாய்ந்திருந்தாள். எதிரில் மாமியார் பொன்னுத்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எனக்கு உள்ள ரெண்டு இருக்குன்னு தோணுது."

"ரெண்டு ஆள் சோறு தின்னா அப்படித்தான் தோணும்."

அஞ்சலை இரண்டாவது அடியை வைத்தாள். "ச்சு ச்சு" என்றான் உத்திராபதி.

செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டீங்களா அத்தை? ரெண்டுன்னேன், பல்லி ஆமாங்குது!"

பொன்னுத்தாய் முறத்தை வைத்துவிட்டாள். "அதுபாட்டுக்கு ஓயாமப் பேசுமே, இன்னைக்கு என்ன இவ்வளவு சுருக்கமாச் சொல்லுது? அப்ப நெசமாத்தான் இருக்கும். ரெண்டும் பையனாப் பொறக்கட்டும்."

"ச்சு ச்சு."

"பொண்ணு ஒண்ணாவது வேணும் அத்தை."

"ச்சு ச்சு."

"பாத்தியா, நான் சொன்னதுக்கும் ஆமான்னுச்சு!"

"இல்ல, நான் சொன்னதுக்குத்தான்!"

மாமியாரும் மருமகளும் போட்ட சத்தத்தில் பூனை எரிச்சலாகி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டது. அஞ்சலை அடிமேல் அடிவைத்து ஏறினாள். அவள் நின்ற இடத்தில் உத்திராபதியும் நின்றான். அவள் முனகினால் "ச்சு ச்சு", திட்டினால் "ச்சு ச்சு". இத்தனை வருஷம் பேசியும் இந்த வீட்டில் ஒரு தலைகூட நிமிர்ந்ததில்லையே என்று போகிறபோக்கில் அவனுக்கு நினைப்பு ஓடியது. அதற்கும் ஒரு காரணம் இருக்கும். தேட நேரமில்லை.

உச்சி வெயில் கண்ணாடி ஓட்டில் இறங்கும்போது அஞ்சலை பொந்துக்குள் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு வெள்ளை முட்டைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. அடுத்த மாதம் செங்கமலத்துக்கும் இரண்டு பிறந்தன, ஒரு பையனும் ஒரு பெண்ணும். தான் சொன்னதுதான் பலித்தது என்று மாமியாரும் சொன்னாள், மருமகளும் சொன்னாள்.

முட்டை வைத்த அன்று சாயங்காலம் பொந்துக்குள் அஞ்சலை தொங்கிப்போன வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தாள்.

"சத்தியம் முடிஞ்சுபோச்சு. இனிமே பேசலாம் நீங்க" என்றாள். "வழுக்குனதுக்கு ஒரு காரணம் வச்சிருந்தீங்களே, அதைச் சொல்லுங்க. கேக்கறேன்."

உத்திராபதி வாயைத் திறந்தான். மூன்று நாள் காரணங்கள் அங்கே முட்டிக்கொண்டு நின்றன. அவளைப் பார்த்தான். வற்றிப்போன விலா, இன்னும் வீக்கம் வடியாத பாதங்கள்.

"ச்சு ச்சு" என்றான்.

அன்று முதல்தான் பல்லி ஒவ்வொரு சூலுக்கும் இரண்டு முட்டை இடுகிறது. வேறு பேச்சும் பேசுவதில்லை. நாம் ஏதாவது சொல்லும்போது மேலே அந்தச் சத்தம் கேட்டால், நம் வாக்கு பலித்துவிடும் என்று விரலால் தரையைத் தட்டிக்கொள்கிறோம். அது நமக்குச் சொன்னதல்ல. பக்கத்தில் அஞ்சலைக்குக் கால் வலித்திருக்கும்.