வாயை மூடிக்கொண்ட ஆள்காட்டி

கடலை ஒட்டிய ஒரு முள்காட்டில் மஞ்சக்காலி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. அந்தக் கோடையில் அதற்கு இரண்டு கவலைகள். ஒன்று, ஊற்றங்கரையில் அது இட்டு வைத்திருந்த முட்டைகள். இன்னொன்று, முறுக்கன் என்ற வெளிமான். முட்டைகளாவது வைத்த இடத்தில் இருந்தன.

அந்தக் காட்டில் வெயில் முற்றினால் குட்டைகள் எல்லாம் வற்றிவிடும். ஒரே ஓர் ஊற்றில்தான் நல்ல தண்ணீர் நிற்கும். அதற்காக அடித்துக்கொண்டு சாக வேண்டாம் என்று விலங்குகள் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடத்தின. காய்ந்துபோன உப்பு ஏரியை மூன்று சுற்று ஓட வேண்டும். முதலில் வருகிறவரின் கூட்டத்துக்கு மழை வரும்வரை ஊற்றங்கரை சொந்தம். மற்றவர்கள் காத்திருந்து குடித்துக்கொள்ளலாம்.

மான்கள் ஜெயித்தால் மஞ்சக்காலிக்குப் பயமில்லை. அவை பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும். பன்றிகள் ஜெயித்தால் கரையையே உழுது போட்டுவிடும். போன வருஷம் அப்படித்தான் ஆனது. முட்டைகள் இருந்த இடத்தில் சேறுதான் மிஞ்சியது. அதனால்தான் இந்த வருஷம் துணையை அடைகாக்கச் சொல்லிவிட்டு, முறுக்கனுக்கு மேலே பறக்க மஞ்சக்காலி தானே முன்வந்தது.

மேலே பறப்பது என்பது சாதாரண வேலை இல்லை. ஓட ஆரம்பித்தால் உப்புப் புழுதி கிளம்பிக் கண்ணை மறைக்கும். பக்கத்தில் யார் வருகிறார் என்றே தெரியாது. ஆகவே ஓடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பறவை உண்டு. "வலப்பக்கம் ஆள்" என்று பறவை சொன்னால் வலப்பக்கம் ஒதுங்கக் கூடாது. பறவை பேசாமல் இருந்தால் வழி காலி என்று அர்த்தம். அந்தக் காட்டில் நேற்றுப் பிறந்த குட்டிக்கும் இது தெரியும்.

பந்தயத்துக்கு முன்னால் மஞ்சக்காலி முறுக்கனைக் கூப்பிட்டது.

"நல்லா கேட்டுக்கோ தம்பி. கடல் பக்கம் திரும்பினதும் எதிர்காத்து ஆளையே தள்ளும். நீ மட்டக்குதிரைக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டுப் போ. காத்தெல்லாம் அவன் நெஞ்சுல மோதட்டும். கடைசிச் சுத்துல வெளியே வந்து தாண்டினா போதும்."

"அவன் வாலுக்குப் பின்னாலயா? என்னக்கா நீங்க! நம்ம கூட்டத்துப் பொண்ணுங்க எல்லாம் பார்த்துக்கிட்டு நிக்குதுங்க."

"அதுங்களுக்குத் தண்ணி வேணுமா, உன் மூஞ்சி வேணுமா?"

"ரெண்டும் வேணும்க்கா" என்று முறுக்கன் கொம்பைச் சிலுப்பியது.

மஞ்சக்காலிக்கு அப்போதே தலை வலிக்க ஆரம்பித்தது.

மட்டக்குதிரை, நரி, கட்டையன் என்ற காட்டுப்பன்றி, முறுக்கன், இந்த நால்வரும் கிளம்பினார்கள். முறுக்கன் நாலே பாய்ச்சலில் முன்னால் போய்விட்டது. பெண்மான்கள் துள்ளின. அதைப் பார்த்து முறுக்கன் இன்னும் துள்ளியது. ஓடச் சொன்னால் ஆட்டம் போடுகிறதே என்று மஞ்சக்காலி பல்லைக் கடித்திருக்கும், பல் இருந்திருந்தால்.

கடல் பக்கம் திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. முறுக்கனுக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது.

"பின்னால போடா! குதிரை வரான், அவனை முன்னால விடு."

முறுக்கன் விட்டது. குதிரையின் பின்னால் காற்றே இல்லை. மூச்சு திரும்பியது. அப்பாடா என்று மஞ்சக்காலி இறக்கையைத் தளர்த்தியது. அதற்குள் கொம்பில் புழுதி படிகிறது என்று முறுக்கன் மறுபடி முன்னால் பாய்ந்தது. மறுபடி காற்று, மறுபடி நாக்கு. இரண்டாவது சுற்று முழுக்க இதே கூத்துதான்.

மஞ்சக்காலியும் விடவில்லை. பின்னால போ, இப்போ வராதே, நேரா ஓடு, பராக்குப் பார்க்காதே என்று தொண்டை கிழியக் கத்தியது. பன்றிக்கு மேலே பறந்த மைனாவோ ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தைதான் பேசியது. அதையும் பன்றி கேட்டது. அந்தக் கொடுப்பினையெல்லாம் நமக்கு எங்கே என்று மஞ்சக்காலி நொந்துகொண்டது.

மூன்றாவது சுற்று தொடங்கியபோது முறுக்கன் தலையைத் தூக்கியது.

"சும்மா நைநைன்னு கத்தாதீங்கக்கா. காது வலிக்குது. கொஞ்ச நேரம் வாயை மூடுங்க."

மஞ்சக்காலிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "சரிடா, மூடிட்டேன். இனிமே ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளு. எப்படியோ போய்த் தொலை."

சொன்னபடியே அலகை மூடிக்கொண்டது.

அக்கா திட்டுவது முறுக்கனுக்குப் புதிதில்லை. அந்தக் கோபத்தை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; ஆபத்து என்றால் அக்கா எப்படியும் சொல்லிவிடும் என்றே நினைத்தது. அது திரும்பவும் குதிரையின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. இந்த முறை கொம்பைப் பற்றி நினைக்கவில்லை. பெண்மான்கள் பக்கம் பார்க்கவும் இல்லை. எதிர்காற்று முடியும்வரை அடக்கமாக ஓடி, முழு மூச்சையும் சேர்த்து வைத்துக்கொண்டது. அக்கா சொன்னதை முதல்முறையாக அப்படியே செய்தது.

மஞ்சக்காலி அதைப் பார்த்தது. வீம்பு இறங்கவில்லை.

புழுதிக்குள்ளே நரி முறுக்கனின் வலப்பக்கம் ஏறி வந்ததையும் பார்த்தது. அலகு திறக்கத் துடித்தது. நான் ஏன் சொல்ல வேண்டும், ஒரு தடவை இடித்துக்கொள்ளட்டும், அப்புறம் என் அருமை தெரியும் என்று நினைத்தது.

எல்லை தெரிந்தது. குதிரையைத் தாண்ட வேண்டிய நேரம். முறுக்கன் ஒரு நொடி காதை நிமிர்த்திக் காத்திருந்தது. மேலே சத்தமில்லை. வலப்பக்கம் பாய்ந்தது.

நரி மேல் மோதியது. நரி உருண்டது. முறுக்கனின் கொம்பு குதிரையின் பின்னங்காலில் சிக்கியது. குதிரையும் சாய்ந்தது. மூவரும் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து கிடக்க, எது யார் கால் என்றே தெரியவில்லை.

பின்னால் வந்த பன்றியிடம் மைனா, "இடப்பக்கமா சுத்திப் போ" என்றது. பன்றி சுற்றிப் போய், மூச்சு வாங்கியபடி எல்லையைத் தாண்டியது.

மஞ்சக்காலி கீழே பாய்ந்து வந்தது. "கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? பக்கத்துல நரி வந்தது தெரியலையா?"

முறுக்கன் ஒரு காலைத் தரையில் ஊன்ற முடியாமல் எழுந்து நின்றது. அதன் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலையேக்கா. அதான் வழி காலின்னு நினைச்சேன்."

மஞ்சக்காலி ஊற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

அதற்குள் பன்றிக் கூட்டம் உறுமிக்கொண்டு ஊற்றை நோக்கிக் கிளம்பிவிட்டது. மஞ்சக்காலி பறந்து போய் அவற்றின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. கரையில் அதன் துணை சிறகை விரித்து முட்டைகளை மறைத்துக்கொண்டு கத்தியது. பன்றிகளுக்குத் தாகம். ஒன்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை. கடைசி நேரத்தில் துணை மட்டும் பறந்து தப்பியது.

கேட்காதவனிடம் எவ்வளவு கோபம் வந்தாலும், எச்சரிக்கும் பொறுப்பை ஏற்றவர் ஆபத்தைக் கண்ட பிறகு வாயை மூடிக்கொள்ளக் கூடாது.