கழலாத கப்பி

சிங்கமங்கலத்து ராஜாவுக்கு யானைப் பித்து தெளிந்து டிராக்டர் பித்து பிடித்திருந்த காலம். கப்பலில் வந்த குட்டி டிராக்டருக்கு ஐராவதம் என்று பெயர் சூட்டி, யானைக் கொட்டிலில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார். அது தானாக எங்கும் போகாது என்று ராஜாவிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

பொன்னேர் பூட்டி வருஷத்தின் முதல் உழவு தொடங்குவதற்கு முந்தின நாள் ஐராவதம் படுத்துவிட்டது. எஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. கிளட்ச் தேய்ந்துபோயிருந்தது. புதுக் கிளட்ச் பெட்டியில் தயாராக இருந்தது. ஆனால் அதை மாட்ட வேண்டுமானால், அச்சு நுனியில் இருக்கும் கிளட்ச் கப்பியைக் கழற்ற வேண்டும். பெல்ட் ஓடும் அந்த இரும்புக் கப்பி, நட்டை எடுத்த பிறகும் அச்சைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

தளவாய் பெரியநம்பி கப்பியில் வடம் கட்டி வீரர்களை இழுக்கவிட்டார். கப்பி வரவில்லை. சங்கிலி கட்டியிருந்த தூண்தான் வந்தது. அடுத்து சம்மட்டியால் ஒரு போடு போட்டார். கப்பியின் விளிம்பில் சில்லு தெறித்தது. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தளவாய் மெல்ல ராஜாவின் காதருகே போனார். "நம் கொண்டல்ராயர் இருக்கும்போது என்ன கவலை, மகாராஜா? என் நாக்கு நுழைந்தால் எதுவும் கழன்றுவிடும் என்று நேற்றுகூடப் பெருமையடித்தாரே!"

கொண்டல்ராயர் அரசவையின் விகடர். அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை. ஒருவேளை சொல்லியிருப்போமோ என்ற சந்தேகமும் வந்தது. அதுதான் அவர் வியாதி. யார் என்ன பழி போட்டாலும் முதலில் நம்புகிறவர் அவராகத்தான் இருப்பார்.

"ராயரே, நாளைக் காலை அண்டை ஜமீன்தார் முன்னால் ஐராவதம் உழ வேண்டும்" என்றார் ராஜா. "கப்பியை அடிக்கக் கூடாது. நெருப்புக் காட்டக் கூடாது. இழுக்கவும் கூடாது. பொழுது சாய்வதற்குள் கப்பி கழல வேண்டும். இல்லையென்றால் நீர் அரண்மனையை விட்டுக் கழன்றுகொள்ளும்!"

"அடிக்காமல், சுடாமல், இழுக்காமல் எப்படி மகாராஜா...?"

"அதற்குத்தான் நாக்கு இருக்கிறதே, ராயரே!" என்றார் தளவாய். பிறகு இரண்டு கையாலும் ராயரின் தோளை அணைத்து, "உம்மால் முடியும்" என்றார் பாசத்தோடு.

ராயர் கொட்டிலில் போய்க் கப்பிக்கு எதிரே உட்கார்ந்தார். கப்பி அவரைப் பார்த்தது. உண்மையாகவே பார்த்தது. அதன் முகத்தில் இரண்டு துளைகள் இருந்தன. அவை ஐராவதத்தின் கண்கள் என்று கோயில் பட்டர் முடிவுகட்டி, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் அடைத்துக் குங்குமம் வைத்துவந்தார்.

"நானும் உன்னைப் போலத்தான் இந்த அரண்மனையை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று கப்பியிடம் முனகிய ராயர், யோசனையில் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளே நகம் நறநறவென்றது. மரை!

கண்ணுக்குள் எவனாவது மரை வெட்டுவானா? வெட்டியிருக்கிறான் என்றால், அதில் எதையோ திருகச் சொல்லித்தானே?

ராயர் சொல்லியனுப்ப, கொல்லர் நாகலிங்க ஆசாரியின் பட்டறையிலிருந்து கனத்த இரும்புப் பட்டை ஒன்று வந்தது. அதில் மூன்று துளைகள். ஓரத்துத் துளைகள் வழியே இரண்டு போல்ட்டுகளைக் கப்பியின் கண்களில் திருகினார் ராயர். மரை வெட்டிய நடுத்துளையில் ஒரு தடித்த போல்ட். அதன் நுனி அச்சின் தலையில் போய் முட்டி நின்றது.

"சாமி கண்ணில் ஆணி ஏற்றுகிறார்! ராயருக்கு மரை கழன்றுவிட்டது!" என்று எட்டிப் பார்த்த தளவாய் கூச்சலிட்டார். சத்தம் கேட்டு ராஜாவும் வந்துவிட்டார்.

"எனக்கு எப்போதோ கழன்றுவிட்டது, தளவாயே. இன்று கப்பி கழன்றால் போதும்" என்ற ராயர், ராஜாவிடம் திரும்பினார். "அடிக்க மாட்டேன், சுட மாட்டேன், இழுக்க மாட்டேன். தள்ளலாமா, மகாராஜா?"

"தள்ளினால் இன்னும் உள்ளேயல்லவா போகும்?"

"கப்பியைத் தள்ளவில்லை. அச்சைத் தள்ளுகிறேன்."

"அச்சு அசையாதே!"

"அசையக் கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்."

நடு போல்ட்டை முடுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் முடுக்கினார். பட்டை லேசாக வளைந்தது. ராயரின் முதுகில் வியர்வை வழிந்தது. மூட்டை கட்டினால் முதலில் எதை எடுத்து வைப்பது என்று யோசித்தபடியே, பல்லைக் கடித்துக் கடைசியாக ஒரு திருகு திருகினார்.

டங்!

கப்பி அவர் மடியில் விழுந்தது.

"மோசடி! இதுவும் இழுப்புத்தான்!" என்றார் தளவாய்.

"இல்லை, நானே பார்த்தேன். அவர் தள்ளியது அச்சை, வந்தது கப்பி" என்றார் ராஜா. "ராயரே, இந்த வித்தையை எங்கே கற்றீர்?"

"இந்த அரண்மனையில்தான், மகாராஜா. தளவாய் ஒருவரை வெளியேற்ற நினைத்தால் அடிக்க மாட்டார், இழுக்க மாட்டார். இரண்டு கையாலும் அவரைப் பாசமாகப் பிடித்துக்கொள்வார். பிறகு நடுவில் உங்களை முடுக்குவார். நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். அந்த ஆள் வெளியே வந்து விழுவார்!"

அதிகம் பேசிவிட்டோமோ என்று ராயர் மடியிலிருந்த கப்பியைக் கட்டிக்கொண்டார்.

ராஜா சிரித்தார். உத்தரத்துப் புறாக்கள் பறக்கும்படி சிரித்தார். தன் சரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து, கிரீஸ் படிந்த ராயருக்குப் போர்த்தி, "நாளை ஐராவதத்தின் மேல் என் பக்கத்தில் உட்காரும்" என்றார்.

தளவாய் அவசரமாக ராஜாவின் காதருகே குனிந்தார்.

"தளவாயே," என்றார் ராஜா, "எதுவானாலும் தள்ளி நின்று சொல்லும்!"