கம்பளியார் மடிக்கப் பார்த்த இலை

கரடி கம்பளியார் அன்று காலையிலிருந்து ஒரு கிழங்கைக்கூடத் தொடவில்லை. மதியம் குளக்கரையில் விருந்து. அதற்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தார்.

விருந்து வைப்பவள் லான் என்ற வாத்து. வியட்நாம் தேசத்திலிருந்து பறந்து வந்தவள். போன மாதம்தான் குளக்கரைப் புன்னை மரத்தடியில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். அந்த இடத்தின் மேல் நரிக்கும் ஒரு கண். அங்கே வடைக் கடை வைக்க வேண்டும் என்று சிங்கராஜாவை நச்சரித்துக்கொண்டே இருந்தது.

சிங்கராஜா யோசித்தார். "நம்ம கம்பளியார் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். நல்லா இருக்குன்னு சொன்னா வாத்து இருக்கட்டும். இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள மூட்டையைக் கட்டட்டும்!" என்றார்.

கம்பளியாரின் நாக்குக்குக் காட்டில் அவ்வளவு மதிப்பு. எந்தத் தேன் எந்தப் பூவில் எடுத்தது என்று ஒரே நக்கில் சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

"வாங்க ஐயா, வாங்க! உட்காருங்க!" என்று லான் சிறகை விரித்து வரவேற்றாள். பாறை மேல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள்.

சோற்றைக் காணோம். வெள்ளை வெளேரென்று ஏதோ சேமியா. ஒரு தட்டு நிறையப் புதினா, கொத்தமல்லி, பெயர் தெரியாத தழைகள், எல்லாம் பச்சையாக. வெள்ளரி, மாங்காய்க் கீற்று, வதக்கிய காளான். ஒரு கிண்ணத்தில் வேர்க்கடலைச் சாந்து. அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். கடைசியாக, வட்ட வட்டமாக, கண்ணாடி போல மெலிசாக, விறைப்பாகப் பத்துத் தாள்கள்!

கம்பளியார் திருதிருவென்று விழித்தார். இது என்ன? அப்பளமா? அப்பளத்தைப் பொரிக்காமலா வைப்பார்கள்?

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். உடனே நரியின் முகம் நினைவுக்கு வந்தது. 'கம்பளியாருக்கே சாப்பிடத் தெரியலையாம்!' என்று காடு முழுக்கச் சொல்லிச் சிரிக்குமே! திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்கா ஐயா?" என்று கேட்டாள் லான்.

"ஓ! இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்!"

சொல்லியாகிவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது. தண்ணீர் எதற்கு? கை கழுவத்தான். வேறு எதற்கு வைப்பார்கள்? இரண்டு கையையும் பாத்திரத்துக்குள் விட்டு நன்றாகக் கழுவினார். லான் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

அந்த வட்டத் தாள்? கம்பளியாருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இலை! வியட்நாமில் வாழையிலை கிடைக்காது போலிருக்கிறது, பாவம். ஒன்றை எடுத்துப் பாறையில் போட்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். மீதி ஒன்பதையும் அடுத்த பந்திக்கென்று ஓரமாக ஒதுக்கினார்.

சேமியாவை அள்ளி வாயில் போட்டார். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. தழையை மென்றார். ஆட்டுக்கு வைக்க வேண்டியதை நமக்கு வைத்துவிட்டாளோ என்று சந்தேகம் வந்தது. கடைசியில் கிண்ணத்தைப் பார்த்தார். பாயசமாகத்தான் இருக்க வேண்டும் என்று தூக்கி மடக்கென்று குடித்தார். இனித்தது, புளித்தது, உறைத்தது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாப்பிட்டதும் இலையை மடிப்பதுதானே மரியாதை? மடிக்கப் போனார். இலை கொழகொழவென்று பாதி பாறையிலும் பாதி அவர் நகத்திலும் ஒட்டிக்கொண்டது. உதறினார். போகவில்லை. என்ன இலை இது!

ஒன்றும் புரியாமல் எழுந்து நேராகச் சிங்கராஜாவிடம் போனார்.

"எப்படி இருந்தது?"

"பசி அடங்கலை ராஜா. நாக்குக்கும் ஒண்ணும் பிடிபடலை."

அவ்வளவுதான். நரி வாலை ஆட்டிக்கொண்டே போய் லானிடம் உத்தரவைச் சொன்னது.

சாயங்காலம் கம்பளியார் குளக்கரை வழியாக வீட்டுக்குத் திரும்பினார். லான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஓர் அணில், வட்டத் தாளை முகர்ந்து பார்த்தது.

"அக்கா, இதை எப்படித் திங்கணும்?"

"இது அரிசி மாவுல செஞ்ச தாள். இப்படித்தான் தங்கம்!" லான் தாளைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினாள். அது துணிபோல இளகியது. உள்ளே சேமியா, தழை, காளான், மாங்காய் எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டினாள். "சாந்துல தொட்டுக் கடி!"

அணில் கடித்தது. கண்ணை மூடிக்கொண்டு வாலைச் சுழற்றியது. "மாமா, நீங்களும் தின்னு பாருங்க!" என்று பாதியைக் கம்பளியாரிடம் நீட்டியது.

ஒரே வாய்தான். கம்பளியார் அப்படியே நின்றுவிட்டார். வாழ்நாளில் அவர் நாக்கு இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"இதை ஏம்மா அப்பவே சொல்லலை?"

"பழக்கம்தான்னு சொன்னீங்களே ஐயா. உங்க ஊர்ல பெரியவங்க இப்படித்தான் சாப்பிடுவாங்கன்னு நினைச்சேன்."

கம்பளியாருக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சிரைக்க ஓடிச் சிங்கராஜாவின் காலில் விழுந்தார். "ராஜா, சாப்பாட்டில் குத்தமில்லை! எனக்குத்தான் சாப்பிடத் தெரியலை! இலைன்னு நினைச்சுச் சோத்தையே ஒதுக்கிட்டேன்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகுதான் சிங்கராஜா, "சரி, வாத்து இருக்கட்டும்" என்றார்.

கம்பளியார் திரும்பி ஓடி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. புன்னை மரத்தடியில் நரி அடுப்புக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணே! வாத்து அப்பவே பறந்துடுச்சு. உங்களுக்கு எத்தனை வடை போடட்டும்?"

கம்பளியாருக்குப் பசிக்கவே இல்லை.

தெரியாததைக் கேட்கக் கூச்சப்படுகிறவர், தெரியாமலே தீர்ப்புச் சொல்லி அடுத்தவர் பிழைப்பைக் கெடுத்துவிடுவார்.